கேமரா திரும்பாத பக்கம்

"மனித குலம் இதுவரை நடத்திய போர்கள் எவையும் களத்தில் நடக்கவில்லை. அவை பிம்பத்தில் நடந்தன. கேமரா எங்கே திரும்பியதோ அங்கே போர். அது திரும்பாத பக்கத்தில் எதுவுமே நிகழவில்லை. இந்த உண்மைக்கு முன்னால் வரலாறு மண்டியிட்டே தீரவேண்டும்!"

கடைசி வாக்கியத்துக்குச் சென்னகேசவன் வலது கையை உயர்த்தினார். உயர்ந்த கை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பனியனில் மாட்டிக்கொண்டது.

"அத அப்படியே எடுத்து மடிச்சு வச்சுருங்க," என்றாள் அவர் மனைவி கோமளா. "மத்த துணியும் காஞ்சிருக்குது பாருங்க."

வளைகுடாப் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தப் போரைச் சென்னகேசவன் இரவுச் செய்தியில் பார்த்தார். வானத்தில் பச்சைப் பச்சையாக ஏதோ பாய்ந்தது. அவ்வளவுதான் போர் என்று அவருக்குப் பட்டது. உடனே 'போரெனும் பிம்பம்: மேலாதிக்கம், எதிர்ப்பு, பண்பாடு' என்ற கட்டுரையை எழுத உட்கார்ந்தார். போருக்குப் பிடித்ததைவிடக் கட்டுரைக்கு நாள் அதிகம் பிடித்தது. சேதமும் அதிகம் என்பது மாமனார் லட்சுமணசாமியின் கருத்து.

லட்சுமணசாமிக்குக் காந்திபுரத்தில் 'கோமளா வெட் கிரைண்டர்ஸ்' என்று ஒரு கடை. ஒரே மகளின் பெயரை வைத்தவர், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே மருமகனுக்காக ஒரு சுழல்நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார். அதில் சுற்றியிருந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சென்னகேசவன் ஒரு டுடோரியல் கல்லூரியில், தமிழில் தோற்றவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் அந்த நாற்காலியை எதிர்த்துவந்தார். உலக எதிர்ப்பியக்கங்களைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார். நடத்தியது இது ஒன்றுதான்.

பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசிக்கொள்ளும் வீடு அது. ஒப்பந்தம் என்று வந்தால் மட்டும் கோமளா முழுத் தமிழுக்கு வந்துவிடுவாள். அன்றும் வந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தன வருசமா ஊர் ஊராப் போய்ப் பேசறீங்க. பேசி முடிச்சதுக்கப்பறம் ஒருத்தராச்சும் ஒரு கேள்வி கேட்டிருக்காங்களா?"

"பொள்ளாச்சியில ஒருத்தர் கேட்டார்."

"அவரு ஃபேன் சுவிட்சு எதுன்னு கேட்டாருங்க. நீங்கதானே வந்து சொன்னீங்க."

சென்னகேசவன் பனியனை மடித்தார்.

"சரி, சோமனூர்க் கூட்டத்துல பாத்துக்கலாம். நீங்க பேசறதப் பத்தி, ஒரே ஒருத்தரு, ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். கடைப் பேச்ச நானும் எடுக்க மாட்டேன், அப்பாவையும் எடுக்க உட மாட்டேன். ஒருத்தரும் கேக்குலீன்னா, ஆவணி பொறந்ததும் போய்க் கடையில உக்கோந்துக்கோணும்."

"நீயே வந்து பாரு, எத்தனை கேள்வி வருதுன்னு."

"அன்னிக்கு முகூர்த்தமுங்க. எனக்கு மூணு கல்யாணத்துக்குப் போகோணும். சாட்சி கொண்டாங்க, நம்பறேன்."

அன்று முகூர்த்தநாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கூட்டத்தை நடத்தும் எதிர்ப்பண்பாட்டு ஆய்வு வட்டம் தேதி குறிக்கக் கூடியபோதே சாமுவேல் சொல்லிவிட்டார். வட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். கொள்கைப் பிளவுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாமுவேல், ஒரு ஞாயிறு சர்ச்சுக்கும் மறு ஞாயிறு வட்டத்துக்குமாக மாற்றி மாற்றி வராமலிருப்பவர்.

"தோழர், அன்னிக்குப் பெரிய முகூர்த்தமுங்க. சனமெல்லாம் கல்யாணத்துக்குப் போயிரும். மண்டபம் கெடைக்கறதே கஷ்டம். ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமுங்க."

"காலண்டரைக் கையில் வைத்திருப்பது யார் என்பதுதான் முதல் அரசியல், தோழர். நல்ல நேரம் பார்த்துக் கருத்தரங்கு வைப்பதற்குப் பதிலாக நாம் ஜாதகமே எழுதிக்கொடுக்கப் போகலாம். தேதியை மாற்றினால் வட்டத்தின் அடித்தளமே ஆடும்!"

அடித்தளம் ஆடாமல் தீர்மானம் நிறைவேறியது. கோட்பாட்டை நெசவாளர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று இடம் சோமனூர் என முடிவாகியிருந்ததால், சென்னகேசவனே அங்கிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்தார்.

"கீழ பெரிய ஹால் அன்னிக்குக் காலி இல்லீங்க," என்றார் மேனேஜர். "மேல சின்ன ஹால் சும்மாதானுங்க கெடக்குது. தாராளமா வச்சுக்கங்க. கீழ இருந்து சத்தம் மட்டும் கொஞ்சம் எச்சாக் கேக்குமுங்க."

சோமனூரில் சத்தம் என்றால் தறிச் சத்தம். சென்னகேசவனின் உடம்பு சிலிர்த்தது. "அந்தச் சத்தம்தான் எங்களுக்கு வேணும்!" என்றார். இப்படி ஒரு வாடகைதாரரை மேனேஜர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

கூட்டத்தன்று காலை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சோமனூரில் ஒரு தறிகூட ஓடவில்லை. தறிக்காரர் சென்னியப்பனின் மகளுக்குக் கல்யாணம். அவருடைய தறிகளில் ஓட்டுபவர்கள், பக்கத்துத் தறிகளில் ஓட்டுபவர்கள், அவர்களுக்கு டீ கொடுப்பவர் என்று, கோட்பாடு போய்ச் சேரவேண்டிய அத்தனை பேரும் வெளுத்த வேட்டியும் பட்டுச் சேலையுமாக மண்டபத்தின் கீழ் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வாழைமரம். தூணில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியின் வாய், மாடி ஜன்னலுக்குள்ளே பார்த்தபடி இருந்தது.

மாடி ஹாலில் நாற்காலிகள் இல்லை. கீழே பற்றவில்லை என்று கொண்டுபோய்விட்டார்கள். வாழையிலைக் கட்டுகளும், இரண்டு மூட்டை கத்தரிக்காயும் இருந்தன; அவற்றுக்குக் காவலாக ஒரு மனிதர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். 'போர் – எதிர்ப்பு – பண்பாடு' என்ற பேனரை ஒரு முனையில் ஜன்னல் கம்பியிலும், மறுமுனையில், கொக்கியில் தொங்கிய ஒரு வாழைத்தாரிலும் கட்டினார்கள்.

சாமுவேல் வரவேற்புரை ஆற்றினார். நாதஸ்வரம் ஆரம்பித்தது. அதன் பிறகு ஒலிப்பதிவுப் பாட்டு. அடுத்தவர் எழுந்து, "வன்முறை என்பது..." என்ற இடத்தில் கெட்டிமேளம் கொட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு படிக்கட்டு வழியாக நெய்யில் வறுபட்ட முந்திரியின் வாசனை ஏறி வந்தது.

இந்த வாசனையின் அரசியலை வட்டம் அதுவரை ஆராய்ந்திருக்கவில்லை. ஒரு தோழர் தண்ணீர் குடிக்கப் போனார். இன்னொருவர் அவரைக் கூப்பிடப் போனார். மூன்றாமவர் இருவரையும் கண்டித்துக் கூட்டிவரப் போனார். சாமுவேல் எதுவும் சொல்லாமலே போனார். சென்னகேசவன் கட்டுரையோடு எழுந்து நின்றபோது, எதிரே தூங்குகிறவர் மட்டும் இருந்தார். கேள்வி கேட்கும் சாயல் அவரிடம் இல்லை.

சுழல்நாற்காலி அவர் கண்முன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ஒலிபெருக்கியையாவது நிறுத்தச் சொல்வோம் என்று அவர் கீழே இறங்கினார். சாப்பாட்டு ஹாலின் வாசலைக் கடக்கும்போது உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓரத்து இலையில் சாமுவேல்.

"தோழர்! என்ன இது?"

"மக்களிடம் போகணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றார் சாமுவேல். "ஜிலேபி நல்லா இருக்குதுங்க. வாங்க."

அதற்குள் ஒரு கை அவருடைய தோளைப் பற்றியது. பெண்ணின் அப்பா சென்னியப்பன். வியர்த்துப்போயிருந்தார். அவர் கஷ்டம் அவருக்கு. வாழ்த்துரை சொல்ல வேண்டிய முன்னாள் சேர்மனின் ஜீப் பல்லடத்தில் நின்றுவிட்டது. முதல் பந்தி எழுந்திருக்க இன்னும் அரை மணி ஆகும். தாலி கட்டி முடிந்ததைப் பார்த்துவிட்ட கூட்டம், அடுத்த பந்திக்கு இப்போதே வாசலில் வந்து நெருக்க ஆரம்பித்திருந்தது. பேச ஒரு ஆள் கிடைத்தால் எல்லோரையும் உட்காரவைத்துவிடலாம். எதிரே ஜிப்பா, தாடி, தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"ஏனுங்க, நீங்க பேச வந்தவிங்களா?"

"ஆமாங்க. பேசத்தான் வந்தேன்," என்றார் சென்னகேசவன். அதில் பொய் ஒன்றுமில்லை.

"சாமி, நல்ல நேரத்துல வந்தீங்க! ஏறுங்க மேல. அடுத்த பந்தி வரைக்கும் புடிச்சு உக்கார வச்சுருங்க. எதப் பத்தி வேணும்னாலும் பேசுங்க."

எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று உலகத்தில் ஒருவர் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மேடை ஏறினார். மாலையும் கழுத்துமாக நின்றிருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் யாரோ பெரியவர் என்று நினைத்துக் காலில் விழுந்தார்கள். தடுக்க நேரமில்லாததால் ஆசீர்வாதம் செய்துவிட்டு மைக்கைப் பிடித்தார். எதிரே நூற்றுக்கணக்கில் தலைகள். இத்தனை தலைகளை அவர் நூலகத்து வாசலில் ஊர்வலம் போனபோதுதான் பார்த்திருக்கிறார். அவை அப்போது போய்க்கொண்டிருந்தன.

"மனித குலம் இதுவரை நடத்திய போர்கள் எவையும் களத்தில் நடக்கவில்லை," என்று ஆரம்பித்தார்.

கூட்டம் மரியாதையாக உட்கார்ந்தது. சேர்மன் பேசுவதும் அவர்களுக்குப் புரிவதில்லை. மேலாதிக்கம் என்றார். சம்மதத்தை உற்பத்தி செய்தல் என்றார். முன்வரிசையில் ஒருவர், 'உற்பத்தி' என்ற சொல்லுக்கு மட்டும் தலையாட்டினார். சென்னகேசவன் பக்கத்தைத் திருப்பினார்.

"விளக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் போர் இருக்கிறது. விளக்கு விழுந்த இடத்தில் இருப்பவர் மனிதர். விழாத இடத்தில் இருப்பவர் இல்லாதவர். கேமரா திரும்பாத பக்கத்தில் எதுவுமே நிகழவில்லை!"

ஹாலின் வலது பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அது பெண்வீட்டார் பக்கம்.

விஷயம் என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டார் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக்காரர்கள். வீடியோ ஏற்பாடு அவர்களுடையது. சீனிவாசலு என்ற வீடியோக்காரரைக் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். மேடையை விட்டால், யார் கொண்டுவந்தார்களோ அவர்கள் பக்கமே அவருடைய கேமராவின் பெரிய விளக்கு விடியற்காலையிலிருந்து நின்றது. வலது பக்கம் பட்டுச் சேலைகள் இருட்டில் வெந்துகொண்டிருந்தன.

மூன்றாவது வரிசையில் பழனாத்தாள் எழுந்தார். சென்னியப்பனின் அக்கா. பெண்ணுக்குச் சொந்த அத்தை.

"ஏனுங்க தம்பி, ஒரு சந்தேகமுங்க."

சென்னகேசவன் மைக்கை வாயருகே இழுத்தார். "கேளுங்கம்மா. கேளுங்க!"

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க. வெடியக் காலையில இருந்து நானும் பாத்துட்டேதான் இருக்கறேன். அவிங்க பக்கம் ஒரு கொழந்தை கொட்டாவி உட்டா அதையும் புடிக்கறாரு. நான் சீர்த்தட்டுத் தூக்கிட்டு வாரேன், அப்பப் பாத்து அந்த மகராசன் காப்பி குடிக்கப் போயிட்டாரு. நாளைக்குப் படத்தைப் போட்டுப் பாத்தா, அத்தைக்காரி வரவே இல்லீன்னு ஆயிப்போயிருமுங்களா? அந்த லைட்டு எங்க பக்கம் திரும்போணும்னா நாங்க என்ன பண்ணோணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

அது கேள்வி. ஃபேன் சுவிட்சைப் பற்றியதல்ல, அவர் பேசியதைப் பற்றியது. அவருடைய கண்கள் கலங்கின. அவசரமாகக் கட்டுரையைப் புரட்டினார். எதிர்ப்பு என்ற தலைப்பின் கீழ், 'இது தனியே விரிவாக ஆராயத்தக்கது' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார்.

"கேட்டா அவங்க திருப்ப மாட்டாங்கம்மா," என்றார். ஒரு கூட்டத்தில் அவர் சாதாரணமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "நாமளாப் போய்த் திருப்பிக்கோணும். ஒருத்தராப் போனா ஆகாதுங்க. எல்லாருமாப் போகோணும்."

"அவ்வளவுதானுங்களா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே!" என்றார் பழனாத்தாள். பிறகு பின்னால் திரும்பி, "ஏ அம்மிணி, எந்திரிங்க எல்லாரும்!" என்றார்.

வலது பக்கம் மொத்தமும் எழுந்தது. பட்டுச் சேலைகள் சரசரக்க அது நடுப்பாதையைக் கடந்ததைப் பார்த்தபோது, ஊர்வலங்களைப் பற்றித் தாம் எழுதியதெல்லாம் எவ்வளவு சப்பை என்று சென்னகேசவனுக்குத் தோன்றியது.

"அம்மா, வயரு! வயரு! மிதிச்சுப்போடாதீங்க!" என்று சீனிவாசலு கத்தினார்.

"நீங்க வாங்க கண்ணு, வயரு அதுவா வரும்," என்று பழனாத்தாள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் விளக்கை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் வயரைச் சேலைத் தலைப்புப்போல எடுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். முதலில் சீர்த்தட்டுகள் மறுபடியும் தூக்கப்பட்டன, இந்தமுறை வெளிச்சத்தில். பிறகு வரிசை வரிசையாகப் பெண்வீட்டார் எல்லோரும். பிறகு தறி ஓட்டுபவர்கள். பிறகு சமையல்காரர்கள், கரண்டியோடு. ஜன்னல் வழியாகப் பந்திக்குள் வெளிச்சம் பாய்ந்தபோது சாமுவேல் இரண்டாவது ஜிலேபியில் இருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். "என்னுங்க சம்பந்தி, இது நல்லாவா இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது. நீங்களும் வந்து நில்லுங்க, சேந்தாப்புல எடுத்துக்கலாம்," என்று பழனாத்தாள் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் இழுத்தார். இரண்டு வீட்டாரும் கலந்து நின்று சிரித்தார்கள். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் நின்ற கல்யாணப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இதற்கிடையில் முன்னாள் சேர்மன் வந்து சேர்ந்து, வாசலில் கும்பிட்டபடி நின்றார். கேமரா சாப்பாட்டு ஹாலில் இருந்தது. கோட்பாட்டின்படி அவர் வரவில்லை.

சென்னியப்பன் சென்னகேசவனுக்குத் துண்டு போர்த்தினார். "இந்த மாதிரி வாழ்த்துரைய நான் கேட்டதே இல்லீங்க. ஒரு வார்த்தை எனக்குப் புரியல. ஆனா எங்கக்கா சிரிச்சு நான் பாத்து எத்தன வருசமாச்சு! உக்காருங்க, சாப்புடுங்க." தானே பக்கத்தில் நின்று பரிமாறினார். சென்னகேசவன் மூன்று வடை சாப்பிட்டார். மாடியில் பேனரின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டிருந்த வாழைத்தாரைப் பரிமாறுவதற்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்று பிறகு தெரியவந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோமளாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மூன்று கல்யாணச் சாப்பாட்டின் களைப்போடு கேட்டாள்.

"சாட்சி யாருங்க?"

"சாமுவேல்."

"அவரு பந்தியில இருந்தாருன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"கோமளா, முழுசா வீடியோவில இருக்கு! நான் பேசினது, அந்தம்மா கேட்டது, எல்லாம். கேசட் வரட்டும்."

"வரட்டுங்க. அதுல இருந்தா நான் ஒத்துக்கறேன்."

பிம்பங்களின் மேல் ஓராண்டு போர் தொடுத்தவர், அதன்பிறகு ஒரு பிம்பத்துக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார். வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், 'சோமனூர் எழுச்சி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையும் வாசித்தார். கேள்விகள் இல்லை.

ஆடி மாதத்தில் சாமுவேல் கேசட்டை வாங்கிவந்தார். வி.சி.ஆர். லட்சுமணசாமி வீட்டில்தான் இருந்தது. ஆகவே தீர்ப்பு அங்கே. லட்சுமணசாமி கடையை அரைநாள் மூடிவிட்டு வந்து, நடுவர்போல நடுவில் உட்கார்ந்தார்.

சீர்த்தட்டு வந்தது. பழனாத்தாள் வந்தார், ஒருமுறைக்கு இருமுறை. தறிக்காரர்கள் வந்தார்கள். பிறகு மேடை. சென்னகேசவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

திரையில் அவர் முகத்தைச் சுற்றி இதய வடிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. மேலிருந்து ரோஜாப்பூக்கள் சுழன்று சுழன்று விழுந்துகொண்டிருந்தன. அவர் கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு காதல் பாட்டு வந்தது.

தன்னுடைய வயரை மிதித்தவர்களை சீனிவாசலு மறக்கவில்லையோ, அல்லது எல்லாக் கல்யாணத்திலும் பேச்சு வரும் இடத்தில் பாட்டுப் போடுவதுதான் அவர் வழக்கமோ. பேச்சு முழுவதும் பாட்டாக இருந்தது. படத்தின் ஓரத்தில், அரையிருட்டில் பழனாத்தாள் எழுந்தார், வாய் அசைந்தது. அந்த இடத்தில் புல்லாங்குழல். சென்னகேசவன் காகிதத்தை மடித்தார், ஏதோ சொன்னார். சரணம் தொடங்கியது.

"கேள்வி எங்கீங்க?" என்றாள் கோமளா.

"கேட்டாங்க கோமளா! இதோ, இதுதான்! வாயைப் பாரு!"

"வாய் தெரியுதுங்க. கேள்வியக் காணமே."

"இவன் சத்தத்தை எடுத்துட்டான்! நடந்தது உண்மை!"

"அதெப்படிங்க?" கோமளாவின் குரலில் கேலி இல்லை, சந்தேகம்தான் இருந்தது. "கேமராவுல இல்லாதது நடக்கவே இல்லீன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஒரு வருசமா காலையும் சாயங்காலமும் எங்கிட்டத்தானே படிச்சீங்க?"

சென்னகேசவன் வாயைத் திறந்தார். இந்தமுறை பாட்டுக்கூட வரவில்லை. பிறகு, மெல்ல மெல்ல, அவர் முகம் மலர ஆரம்பித்தது.

"கோமளா, இப்ப நீ கேட்டது கேள்விதானே? என் கட்டுரையைப் பத்தி?"

"ஆமாங்க. ஆனா ஒப்பந்தம் சோமனூருக்குத்தான்."

லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார். "ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்து வச்சிருக்கறேன் மாப்ள." சென்னகேசவன் மறுக்கவில்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தன் கட்டுரையைக் கடைசிவரை கேட்டு, புரிந்துகொண்டு, அதை வைத்தே தன்னைத் தோற்கடித்த ஒரு வாசகி வீட்டிலேயே இருந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய கூட்டம் எந்த ஊரில் கூடிவிடப்போகிறது? சாமுவேல் கைதட்டினார். கோமளாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த எடத்த மறுக்காப் போடுங்கப்பா," என்றாள்.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார்கள். பாட்டு அவருடைய வாயசைவுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.